கரிசல் மண்ணின் மகளிரும் செயற்கை நுண்ணறிவும்

கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம், சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் கரிசல் பூமி, வானத்தை நம்பி வாழும் பூமியாகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை முறையாகப் பெய்தால் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் பருத்தியும் வீடு வந்து சேரும். பொய்த்தால் விதைத்த விதையும் மண்ணோடு போகும். அவ்வாறு காடு காய்ந்த ஆண்டுகளிலெல்லாம் இப்பகுதியின் குடும்பங்களில் அடுப்பு அணையாமல் காத்தவர்கள் பெண்களே. களை வெட்டியும், பருத்தி எடுத்தும், தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியும், கடலை மிட்டாய்க் கூடங்களில் பொட்டலம் கட்டியும் அவர்கள் ஈட்டிய கூலியே பல இல்லங்களின் உயிர்நாடியாய் இருந்து வந்துள்ளது.

அத்தாய்மாரின் மகள்களும் பேத்திகளும் இன்று பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்கின்றனர். அவர்கள் படித்து முடித்து வேலை தேடும் காலத்தில் உலகின் தொழில் முறையையே மாற்றிவிடும் வலிமையுள்ள ஒரு புதிய கலை எழுந்து நிற்கிறது. அதனைச் செயற்கை நுண்ணறிவு என்கிறோம்; பிள்ளைகள் வாயில் அது ‘ஏ.ஐ.’ என்று வழங்குகிறது. இக்கல்வியில் நம் பெண்மக்களுக்கு என்ன இடம் கிடைக்கப் போகிறது? கட்டை அடுக்கிய தாயின் மகளும் வேறொரு விதமான கட்டையை அடுக்கிக்கொண்டிருக்கப் போகிறாளா? அல்லது அந்த இயந்திரத்தை ஆக்குவோருள் ஒருத்தியாக விளங்கப் போகிறாளா? இக்கேள்வியை நம் குடும்பங்கள் அமர்ந்து சிந்திக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

அது என்ன அறிவு?

செயற்கை நுண்ணறிவு என்றவுடன், கைகால்களுடன் நடமாடும் இரும்பு மனிதன் ஒருவன் நம் மனக்கண் முன் தோன்றலாம். உண்மையில் அது ஒரு கணக்கு முறையாகும். பழைய கணினிக்கு ஒவ்வொரு விதியையும் மனிதரே எழுதிக் கொடுத்தனர். புதிய முறையிலோ, ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளைக் காட்டி, அவற்றினின்று விதியைத் தானே கண்டுகொள்ளுமாறு இயந்திரத்தைப் பழக்குகின்றனர்.

நம் ஊர் நிகழ்ச்சி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2018ஆம் ஆண்டில் இந்தியாவிற்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு, அவ்வாண்டிலேயே தமிழகத்து மக்காச்சோளக் காடுகளைப் பாழாக்கியதை நம் உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்புழு விழுந்த பயிரைத் தொடக்கத்திலேயே அடையாளம் காணும் இயந்திரம் ஒன்றை ஆக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். முதலில் பல்லாயிரம் இலைகளைப் படம் பிடிக்க வேண்டும். பயிரை அறிந்த ஒருவர், ஒவ்வொரு படத்தையும் பார்த்து, ‘புழு உண்டு’, ‘புழு இல்லை’ என்று குறித்து வைக்க வேண்டும். பின்னர் அப்படங்களை இயந்திரத்திற்குக் காட்டுவர். அது ஒரு விடையை ஊகிக்கும். ஊகம் தவறானால், எந்த அளவு தவறியது என்று கணக்கிட்டு, தன்னுள் இருக்கும் எண்களைச் சிறிது திருத்திக்கொள்ளும். இவ்வாறு இலட்சக்கணக்கான முறை திருத்திய பின், அதுவரை காணாத இலையையும் பெரும்பாலும் சரியாகவே இனம் காணும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல வேண்டும், முற்றிலும் அன்று.

இதில் இருவகை உழைப்பு அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, படத்தைப் பார்த்துப் பெயர் குறிக்கும் உழைப்பு. மற்றொன்று, எண்களைத் திருத்தும் முறையை வகுக்கும் உழைப்பு. இரண்டாவதற்கு வேண்டிய கல்வி யாவும் விண்ணிலிருந்து வந்ததன்று. அணிகள், நுண்கணிதம், நிகழ்தகவு என்று நம் பிள்ளைகளின் மேனிலை வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் உள்ள பாடங்களே அதற்கு அடித்தளம்.

லேபிள் ஒட்டும் விரல்கள்

படத்திற்குப் பெயர் குறிக்கும் முதல் வகை உழைப்பை அத்துறையினர் ‘லேபிள் இடுதல்’ என்றே அழைக்கின்றனர். இச்சொல்லைக் கேட்டதும் கரிசல் பூமியைச் சேர்ந்தவர்கள் புன்முறுவல் பூப்பர். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது இங்குள்ள பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையன்றோ!

1920களில் சிவகாசியில் தோன்றிய தீப்பெட்டித் தொழில், மழை குறைந்த இப்பகுதியில் விரைந்து பரவியது. காய்ந்த காற்றும் வேலையின்றி இருந்த கைகளும் அதற்குத் துணை நின்றன. பெட்டி ஒட்டுதல், சட்டத்தில் கட்டை அடுக்குதல், குச்சியைப் பெட்டியில் அடைத்தல், லேபிள் ஒட்டுதல் ஆகிய நுண்ணிய வேலைகள் பெண்களிடமும் சிறுமியரிடமும் விடப்பட்டன. எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி என்பதால், விரல்கள் விரைந்த அளவுக்கே வருமானம். விடியுமுன் வந்து நின்ற ஆபீஸ் வண்டியில் ஏறிய சிறுமியர் பலர் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், அதன் பின் எழுந்த கல்வி முயற்சிகளும், பெற்றோரின் விழிப்புமே அவர்களை மெல்ல மெல்லப் பள்ளிக்குத் திருப்பின.

பின்னர் நிகழ்ந்ததையும் நாம் அறிவோம். கட்டை அடுக்கும் வேலையையும் பெட்டி அடைக்கும் வேலையையும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. விரல்களின் வேகத்தை மட்டுமே நம்பியிருந்த பெண்கள் வேறு கூலியைத் தேட வேண்டியவராயினர். அதே ஆலையில், இயந்திரத்தைப் பழுது பார்க்கத் தெரிந்தவரும் கணக்கு எழுதத் தெரிந்தவரும் நிலைத்து நின்றனர். இந்த அனுபவத்தை நாம் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். வரப்போகும் காலத்திற்கும் இதில் பாடம் இருக்கிறது.

இன்று கணினித் திரையில் லேபிள் இடும் வேலை தமிழகத்தின் சிற்றூர்களுக்கும் வந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஊரகத் தொழில் வளர் மையத்தில் உருவாகி 2007இல் தனி நிறுவனமாகிய ‘தேசிக்ரூ’, திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களில் அலுவலகம் அமைத்தது. 2008இல் தொடங்கப்பட்ட ‘நெக்ஸ்ட்வெல்த்’ நிறுவனமும் சேலம் முதலிய சிறு நகரங்களில் இவ்வகைப் பணியைக் கொணர்ந்தது. இவற்றில் பணியாற்றுவோரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள். சாலையில் செல்லும் வாகனங்களைப் படத்தில் கோடிட்டுக் காட்டுதல், பேச்சைக் கேட்டு எழுத்தாக்குதல், இயந்திரம் தந்த விடை சரியா என்று சோதித்தல் முதலியன அவர்கள் செய்யும் பணிகள். உலகின் பெரு நிறுவனங்களுடைய இயந்திரங்கள், இத்தகைய பெண்களிடம் பாடம் கேட்டே வளர்ந்தன என்றால் அது மிகையன்று.

ஊரை விட்டுப் போகாமல், நிழலில் அமர்ந்து, மாதச் சம்பளம் பெறும் இப்பணியை நாம் சிறுமையாகக் கருதவில்லை. முதல் படியாக அது நல்ல படியே. ஆயினும் முதல் படியிலேயே நின்றுவிடுதல் ஆபத்து. எளிய லேபிள்களை இயந்திரமே இட்டுக்கொள்ளும் முறைகள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. கட்டை அடுக்கும் வேலைக்கு நேர்ந்தது இதற்கும் நேராது என்று யார் உறுதி கூற முடியும்? ஆகவே, லேபிள் இடத் தெரிந்த பெண் அதன் பின்னுள்ள கணக்கையும் கற்க வேண்டும் என்பதே நம் கருத்து.

பெண் இல்லாத இடத்தில் நேரும் பிழை

‘யார் ஆக்கினால் என்ன? இயந்திரம் நன்றாக வேலை செய்தால் போதாதா?’ என்று சிலர் வினவலாம். யார் ஆக்குகிறார் என்பதைப் பொறுத்தே அது யாருக்கு நன்றாக வேலை செய்யும் என்பது அமைகிறது. இதற்கு இரு சான்றுகள் காட்டலாம்.

அமெரிக்காவில் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்மணியர் இருவர், 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை அவர்கள் சோதித்தனர். வெள்ளை நிற ஆண்களிடத்தில் அதிகம் போனால் 0.8 விழுக்காடே தவறிய அம்மென்பொருள்கள், கருநிறப் பெண்களிடத்தில் 34.7 விழுக்காடு வரை தவறின. பழக்குவதற்கும் சோதிப்பதற்கும் வைத்திருந்த படங்களில் கருநிறப் பெண்கள் மிகக் குறைவாக இருந்ததே இத்தகைய பிழைக்கு முக்கிய காரணம். வெயிலில் கருத்த நம் கரிசல் பெண்களின் முகத்தை அத்தகைய இயந்திரம் எவ்வாறு அறிந்துகொள்ளும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே 2018இல் வேறொரு செய்தியும் வெளிவந்தது. அமேசான் நிறுவனம், வேலைக்கு வரும் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஓர் இயந்திர முறையைச் சில ஆண்டுகள் சோதித்துப் பார்த்தது. முந்தைய 10 ஆண்டு விண்ணப்பங்களைக் காட்டி அதனைப் பழக்கினர். அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே, ‘மகளிர்’ என்ற சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களுக்கு அது மதிப்பெண்ணைக் குறைக்கக் கற்றுக்கொண்டது. குறையை உணர்ந்த நிறுவனம் அம்முறையையே கைவிட்டது. பழைய சமுதாயத்தின் ஓரவஞ்சனையை இயந்திரமும் பாடமாகக் கற்றுவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் மொழியைப் பொறுத்தும் இவ்வாபத்து உண்டு. இயந்திரம் கற்பது பெரும்பாலும் அச்சில் வந்த தமிழையும் இணையத்தில் கிடைக்கும் தமிழையுமே. கம்மாய், படப்பு, பருத்திமார் என்று நம் பாட்டிமார் நாள்தோறும் வழங்கும் சொற்கள் அதில் எத்தனை இருக்கும்? கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்து, 2021இல் மறைந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், மக்கள் வாய்ச் சொற்களைத் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் வெளியிட்டார். அதற்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்பே, இப்பகுதியின் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், 1732இல் சதுரகராதியைத் தொகுத்துத் தந்தார். சொற்களைத் தொகுத்து வரிசைப்படுத்தும் பணி இம்மண்ணுக்குப் புதிதன்று. கணினிக்கு ஏற்ற வடிவில் அதனைத் தொடர நம் பெண்பிள்ளைகள் முன்வருவராயின், வயற்காட்டில் நிற்கும் ஒரு தாய் தன் பேச்சு வழக்கிலேயே கேள்வி கேட்டு விடை பெறும் நாள் அண்மையில் வரும்.

வழி காட்டியவர்கள்

‘இவையெல்லாம் ஆண்களுக்குரிய படிப்பு’ என்னும் எண்ணம் இன்னும் சில இல்லங்களில் உண்டு. வரலாறு அதனை மறுக்கிறது.

சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1940களின் தொடக்கம் வரை ஒரு மாணவியும் இருந்ததில்லை. முதலில் சேர்ந்தவர் லலிதா என்னும் இளம் கைம்பெண். 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் நின்ற அவர், தந்தையாரின் துணையால் மின் பொறியியல் கற்றார். அவரை அடுத்துக் கேரளத்திலிருந்து தெரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்னும் இருவர் கட்டடப் பொறியியல் கற்க வந்தனர். பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்னும் பொருள்பட அச்சிட்டிருந்த ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு, ‘அவள்’ என்று கையால் எழுதித் தர வேண்டியிருந்ததாம். லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்பாதைப் பணியில் பங்கு கொண்டார். திருச்சூர் மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்த தெரேசியா, 1971இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

கணினித் தமிழை எடுத்துக்கொண்டாலும் பெண்களின் பங்கு சிறிதன்று. அண்ணா பல்கலைக்கழகப் பேராசிரியைகளாக விளங்கிய தி. வே. கீதாவும் ரஞ்சனி பார்த்தசாரதியும் தமிழ்ச் சொற்களைப் பகுதி, விகுதி எனப் பகுத்தறியும் மென்பொருள்களை மாணாக்கருடன் உருவாக்கினர். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியை ஹேமா மூர்த்தி, எழுத்தை வாசித்துக் காட்டும் குரலை இந்திய மொழிகளில் ஆக்கும் கூட்டு முயற்சிக்குத் தலைமை தாங்கினார். பார்வையற்ற மாணவர் பாடநூலைத் தம் தாய்மொழியிலேயே செவியால் படிக்க அது வழி செய்தது.

உலகளவில் ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் ஃபெய்ஃபெய் லீயைச் சுட்டலாம். சீனாவிலிருந்து 15 வயதில் தாயுடன் அமெரிக்காவில் குடியேறிய அவர், உதவித்தொகை பெற்றுக் கல்லூரியில் படித்தார். குடும்பப் பிழைப்புக்காகப் பெற்றோர் நடத்திய சலவைக் கடையையும் விடுமுறை நாள்களில் கவனித்துக்கொண்டார். பிற்காலத்தில் அவரும் அவர்தம் குழுவினரும் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் படங்களைத் திரட்டிப் பெயரிட்டு, ‘இமேஜ்நெட்’ என்னும் தொகுப்பை 2009 முதல் உலகிற்கு அளித்தனர். 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர் அதற்கு லேபிள் இட்டனர். இன்றைய செயற்கை நுண்ணறிவின் எழுச்சிக்கு அத்தொகுப்பு ஒரு பெரும் படிக்கல். ஊர் பேர் அறியாத அந்த 49,000 பேரின் உழைப்பும், கடைக்காரர் மகளின் கணிதப் புலமையும் சேர்ந்தே அது நிறைவேறியது. இவ்விரண்டில் எந்த இடம் நம் மகளுக்கு வேண்டும் என்பதை நாம்தாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்த இடத்தில் கதவு அடைபடுகிறது?

கல்லூரிப் படிப்பில் தமிழகப் பெண்கள் பின்தங்கியவர் அல்லர். ஆனால் எந்தப் படிப்பு என்று பார்த்தால் நிலைமை மாறுகிறது. நடுவண் அரசின் 2020–21ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பொறியியல் இளநிலைப் படிப்பில் பெண்கள் ஏறத்தாழ 29 விழுக்காட்டினரே. செயற்கை நுண்ணறிவுத் துறையில் பணியாற்றுவோருள் பெண்கள் 22 விழுக்காடு என்று உலகப் பொருளாதார மன்றத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. கதவைத் திறந்தால் பெண்கள் வருவர் என்பதற்கும் சான்று உண்டு. ஐ.ஐ.டி.களில் பத்தில் ஒருவரைவிடக் குறைவாக இருந்த மாணவியர், 2018இல் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் ஒதுக்கப்பட்டபின், 2020இல் ஐந்தில் ஒருவராயினர்.

நம் பகுதியில் இக்கதவு பெரும்பாலும் பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அடைபடுகிறது. ‘எந்தக் குரூப் எடுப்பது?’ என்னும் பேச்சு எழும் நாள்கள் அவை. ‘பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு? கஷ்டப்படுவாள். எளிதான குரூப்பில் சேர்த்துவிட்டால் மதிப்பெண்ணும் வரும். நாமும் நிம்மதியாக இருக்கலாம்’ என்று நல்லெண்ணத்துடனேயே பெற்றோர் முடிவு செய்கின்றனர். மகளின் விருப்பத்தைக் கேட்பவர் சிலர், கேளாதவர் பலர். பொறியியற் கல்லூரியில் சேர்வதற்கு மேனிலையில் கணிதம் வேண்டும் என்பது ஈராண்டு கழிந்து தெரிய வரும்போது, திரும்பிச் செல்ல வழியிருப்பதில்லை.

பள்ளியின் தொலைவும் ஒரு தடையே. சிற்றூர்ப் பள்ளியில் கணிதக் குரூப் இல்லையெனில், பையனைப் பக்கத்து ஊருக்குப் பேருந்தில் அனுப்பும் குடும்பம், பெண்ணை உள்ளூரில் உள்ள குரூப்பிலேயே சேர்த்துவிடுகிறது. வீட்டில் ஒரே ஒரு நல்ல கைப்பேசி இருந்தால், அது முதலில் அண்ணன் கைக்கோ தம்பி கைக்கோ செல்கிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வில், இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியதாகக் கூறிய ஆண்கள் 57 விழுக்காடு; பெண்கள் 33 விழுக்காடு மட்டுமே. பெண்பிள்ளை கைப்பேசியைத் தொட்டால் கெட்டுப்போவாள் என்னும் அச்சம் இதன் பின்னே இருக்கிறது. அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் மகனுக்கும் அதே ஆபத்து உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். இருவருக்கும் ஒரே நேரக்கட்டுப்பாடு, ஒரே கண்காணிப்பு, ஒரே நம்பிக்கை என்று வைப்பதே நீதி.

திறந்திருக்கும் வாசல்கள்

பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய சில வாய்ப்புகளை இங்கே தொகுத்துக் கூறுவோம்.

கோவில்பட்டியை அடுத்து 1984இல் நிறுவப்பட்ட நேஷனல் பொறியியற் கல்லூரியில், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் தனிப் பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றன. முன்பு சென்னைக்கும் கோவைக்கும் பெண்ணை அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கு இது வீட்டு வாசலில் வந்த வாய்ப்பு. அரசு பாலிடெக்னிக் வழியாகப் பட்டயம் பெற்று, பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் உண்டு. பத்தாம் வகுப்போடு வேறு பாதையில் சென்ற பிள்ளைகள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பு, வீட்டிலிருந்தே கற்கத்தக்கது. அதில் சேர ஐ.ஐ.டி.யின் கடினமான நுழைவுத் தேர்வு தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்; பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நான்கு வாரப் பாடங்களை இணையத்தில் கற்று, வாரந்தோறும் பயிற்சிகளைச் செய்து, பின் தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தகுதித் தேர்வில் தேறினால் இடம் உறுதி. இடையில் நிறுத்த நேர்ந்தாலும், முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ பட்டயமோ பெறலாம். வருவாய் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. மேனிலையில் கணிதக் குரூப் எடுக்காத பெண்ணுக்கும் திருமணமாகிக் குழந்தையுடன் இருக்கும் பெண்ணுக்கும் இஃது அரிய வாய்ப்பு. பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்ற பயிற்சியை மேற்கொள்ள வேண்டும்.

பணியை இடையில் விட்ட தாய்மாருக்கும் வழி உண்டு. தென்காசியை அடுத்த மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் 2011 முதல் அலுவலகம் நடத்தி வரும் ஸோஹோ நிறுவனம், பணியிலிருந்து விலக நேர்ந்த பெண்களுக்கென ‘மறுபடி’ என்னும் பயிற்சித் திட்டத்தை ஏற்படுத்தியது. அப்பெயரே ஆயிரம் பெண்களின் ஏக்கத்தைச் சொல்கிறது.

பண உதவியைப் பொறுத்தவரை, எட்டயபுரத்துப் பாரதியார் கனவு கண்ட புதுமைப் பெண்ணின் பெயரிலேயே தமிழக அரசு ஒரு திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியர் உயர்கல்வி கற்கும்போது மாதம் 1,000 ரூபாய் பெற அது வழிவகுத்தது. 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற மாணவியருக்கும் அத்திட்டம் விரிவாக்கப்பட்டது. நம் துறவியர் சபைகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் பயின்ற ஏழைப் பெண்கள் இதனால் பயன் அடைந்தனர். விண்ணப்பிக்கும் முறையைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

1891ஐ நினைவுகூர்வோம்

இன்று லாயல் மில் என்று அறியப்படும் ஆலை தோன்றி, கோவில்பட்டியின் முகத்தை மாற்றத் தொடங்கியது 1891ஆம் ஆண்டில். அதே ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், ஆலைத் தொழிலாளரின் உரிமைகளைப் பற்றித் திருத்தந்தை 13ஆம் லியோ தம் புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். 2025 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய திருத்தந்தை, 14ஆம் லியோ என்னும் பெயரைத் தாம் ஏற்றதற்கு அச்சுற்றுமடலையே முதன்மைக் காரணமாகக் காட்டினார். செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சி, மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் புதிய அறைகூவல்களை விடுக்கிறது என்று கர்தினால்மாரிடம் அவர் எடுத்துரைத்தார். நூற்பாலையும் தீப்பெட்டி ஆபீஸும் கண்ட நம் ஊருக்கு இவ்வுரையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. இயந்திரம் வரும்போது அதன் பயன் யாரைச் சேர்கிறது, அதன் சுமை யார் தோளில் விழுகிறது என்னும் கேள்வியை இம்மண் முன்பே கேட்டிருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

எல்லாப் பெண்பிள்ளைகளும் கணினிப் பொறியாளராக வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒருத்தி செவிலியாகலாம், ஒருத்தி ஆசிரியையாகலாம், மற்றொருத்தி தந்தையின் நிலத்தையே திறம்பட நடத்தலாம். ஆனால் மருத்துவமனையிலும் பள்ளியிலும் வயலிலும் இந்த இயந்திர அறிவு நுழைந்துகொண்டிருக்கிறது. அது சொல்வதை அப்படியே நம்புவதா, சோதித்து ஏற்பதா என்று தீர்மானிக்கும் ஆற்றல் அவர்கள் அனைவர்க்கும் வேண்டும். அது தரும் விடை மெருகாக இருக்கும். ஆயினும் சில வேளை முற்றிலும் பொய்யாகவும் இருக்கும். வீட்டுப் பாடத்தை அதனிடம் எழுதி வாங்கும் பழக்கத்தைத் தடுத்து, ‘இதில் எது சரி, எது தவறு என்று நீயே கண்டுபிடி’ என்று பிள்ளைகளிடம் கூறுவோமாக. அதுவே இக்கல்வியின் அரிச்சுவடி.

பெற்றோர், 8ஆம் வகுப்பிலிருந்தே மகளின் கணக்குப் பாடத்தைக் கவனிக்கத் தொடங்க வேண்டும். அவளுக்குக் கணக்கு வராது என்று அவள் காதில் விழுமாறு சொல்லாதிருத்தல் முதற்கடமை. மார்க்கெட்டில் சில்லறையை மனத்திலேயே கூட்டிப் பார்க்கும் தாயும், சீட்டுக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் பாட்டியும் உள்ள வீட்டில், பெண்ணுக்குக் கணக்கு வராது என்பது எங்ஙனம் பொருந்தும்? மேனிலைக் குரூப் தேர்ந்தெடுக்குமுன், எந்தப் பாடம் எந்தப் படிப்புக்கு இட்டுச் செல்லும் என்பதைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டறிந்து, மகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

பங்குகளும் தம் பங்கைச் செய்யலாம். ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் பூட்டிக் கிடக்கும் அறையில், பழைய கணினிகள் இரண்டையும் இணைய இணைப்பையும் வைத்து, மாலைதோறும் மாணவியருக்குத் திறந்து விடுவது பெரும் செலவாகாது. வீட்டில் கைப்பேசி கிடைக்காத பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரமே பெரும் செல்வம். பொறியியற் கல்லூரியில் பயிலும் நம் பங்கு மாணவியர், வாரம் ஒருமுறை 9, 10ஆம் வகுப்புச் சிறுமியருக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். அக்காள் ஒருத்தி முன் நின்று சொல்லிக் கொடுப்பதைக் காணும் சிறுமிக்கு, ‘இஃது ஆண்களின் படிப்பு’ என்னும் எண்ணம் தோன்றவே தோன்றாது.

அண்மைய மாதங்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் பெண் ஒருத்தி நம் இல்லத்திலோ நம் தெருவிலோ இருப்பாளாயின், அவளிடம் ஒரு கேள்வி கேட்போம்: ‘நீ என்ன படிக்க விரும்புகிறாய், அம்மா?’ அவள் தயங்கித் தயங்கியேனும் ‘கணக்கு’ என்று சொன்னால், அச்சொல்லை மறுக்காதிருப்போம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அவள் செல்ல ஒரு பேருந்தும், இரவில் படிக்க ஒரு விளக்கும், வீட்டு வேலையிலிருந்து ஒரு மணி நேர விடுதலையும் ஏற்படுத்திக் கொடுப்போம். விரல்களால் உழைத்து நம்மை வளர்த்த தாய்மாருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக் கடன் இதுவே.